உள்ளே மாட்டிக்கிட்டா யாரு வருவா?

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் 2024இல் வந்த பிறகு, நான் குகைக்குள் போகிறவள் என்று தெரிந்த எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான். மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அம்மா திண்டுக்கல்லிலிருந்து போனில் நேராகவே கேட்டாள்: "ஏன்டி, கொடைக்கானல்ல அந்தப் பையன் விழுந்தானே, அது மாதிரி நீ எங்கயாவது உள்ள மாட்டிக்கிட்டா யாரு வருவா?"

அந்தப் படம் 2006இல் குணா குகையில் நிஜமாகவே நடந்ததை வைத்து எடுத்தது. கேரளாவிலிருந்து கொடைக்கானல் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவர் பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டார். கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டுக்குள் இறங்கி அவரை மேலே கொண்டுவந்தவர், கூட வந்த நண்பர்களில் இன்னொருவர். அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்தக் கதையிலேயே இருக்கிறது. இங்கே பிரிட்டனில் குகைக்குள் போகிறவர்களின் உலகமே அந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் தேடி வருகிறவர்கள், தங்கள் ஆசைக்காக வாரக் கடைசியில் அதே குகைகளுக்குள் போய்வருகிறவர்கள்தான். அதற்கென்று சம்பளம் வாங்கும் படை எதுவும் இல்லை.

எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் குகை. மீதிப் பாதி இந்த மனிதர்கள். இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மூரில் குகை என்றதும் மனதில் வருவது மலையைக் குடைந்து செய்த கோயில், சித்தர் தவம் செய்த இடம் என்று காட்டப்படும் பாறைப் பொந்து, அல்லது குணா குகை போலப் பெரும்பாறைகளுக்கு நடுவே ஆழமாக இறங்கும் பிளவு. நம் மலைகளில் பெரும்பாலும் கெட்டியான பாறை. தண்ணீர் அதை எளிதில் கரைத்துவிடாது. நான் இப்போது இருக்கும் வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற மேட்டுநிலம் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகியதுதான் அந்தப் பாறை. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையின் விரிசல்களில் இறங்குகிறது, கரைக்கிறது, விரிசல் வாய்க்காலாகிறது, வாய்க்கால் ஆள் நடந்து போகும் சுரங்கமாகிறது. புல்வெளியில் ஓடிக்கொண்டிருக்கும் ஓடை திடீரென்று ஒரு துளைக்குள் விழுந்து காணாமல் போகும். வெகுதூரம் தள்ளி, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வரும். நடுவில் அது எங்கெங்கே போய்வருகிறது என்று கூடவே போய்ப் பார்க்கும் ஆசைதான் கேவிங்.

வேலைக்காக லீட்ஸுக்கு வந்த புதிதில், அலுவலகத் தோழி தன்னுடைய குகைக் கிளப்போடு என்னை லாங் சர்ன் என்ற குகைக்கு அழைத்துப்போனாள். புதியவர்களை முதலில் அங்கே கூட்டிப்போவது வழக்கம். ஆடு மேயும் வெளியில் ஓர் ஓடை, அது போகும் வழியிலேயே நாமும் போகிறோம். தண்ணீர் சில இடங்களில் கணுக்கால் அளவு, சில இடங்களில் இடுப்பு அளவு. ஒரு இடத்தில் சின்ன அருவிக்குப் பக்கத்தில் பாறையைப் பிடித்து இறங்க வேண்டும். வருடம் முழுக்க உள்ளே 8 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஜனவரியில் போனால் கதகதப்பு, ஜூலையில் போனால் நடுக்கம்.

அந்தக் குகையின் கீழ்ப்பகுதியில் சீஸ் பிரஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. இரண்டு பாறைப் படுகைகளுக்கு நடுவே தட்டையான இடுக்கு. வயிற்றில் ஊர்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி நகர வேண்டும். அதைத் தவிர்த்துப் போகச் சுற்றுவழியும் உண்டு. எங்களை அழைத்துப்போனவர் அறுபதைத் தாண்டிய ஒரு பிளம்பர். இடுக்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்களிடம் ஒவ்வொருவராக, இதில் வருகிறாயா, சுற்றி வருகிறாயா என்று கேட்டார். சுற்றி வருகிறேன் என்றவர்களிடம் ஏன் என்று கேட்கவில்லை, பயப்படாதே என்று தைரியம் சொல்லவும் இல்லை. சரி என்று தலையாட்டி, கூட ஓர் அனுபவசாலியை அனுப்பினார். எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில். மனமில்லாமல் ஒருவரை இடுக்குக்குள் தள்ளினால், அங்கே அவர் மூச்சு வாங்கி விறைத்துப்போனால், முன்னால் போனவருக்கும் பின்னால் வருபவருக்கும் வழி அடைபடும். அதனால் 'வேண்டாம்' என்று சொல்வது இங்கே அவரவர் உரிமை. ஒருவர் திரும்ப நினைத்தால் துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். தேவைப்பட்டால் மொத்தக் குழுவும் திரும்பும்.

உடை, கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே கம்பளி போன்ற ஒட்டுமொத்த உடுப்பு, அதன் மேல் முரட்டுத் துணியில் இன்னொன்று, முழங்கால் பட்டை, ஹெல்மெட், அதில் விளக்கு, கூடவே மாற்று விளக்கு, காலில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். ஒரு காலத்தில் கார்பைட் விளக்குதான். இப்போது எல்லாம் எல்.ஈ.டி. செங்குத்தான துளைகளில் முன்பு கயிற்றேணி போட்டு இறங்கினார்கள். இப்போது ஒற்றைக் கயிறு. இடுப்புப் பட்டையில் மாட்டிய கருவிகள் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும், நாம் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து மேலே ஏற வேண்டும். பெரிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பயன்படுத்தும் கருவிகளிலும் முறைகளிலும் கணிசமானவை மலையேறிகளிடமும் குகைக்காரர்களிடமும் இருந்து போனவை. பெட்ஸல் என்ற கருவி நிறுவனத்தைத் தொடங்கிய பெர்னாண்ட் பெட்ஸலே பிரான்ஸில் குகை குகையாக இறங்கியவர்தான்.

இனி கேப்பிங் கில். யார்க்‌ஷயர் பக்கம் வருகிறவர்களிடம், குகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களிடம்கூட, நான் பரிந்துரைக்கும் இடம் இது. இங்கிள்பரோ என்ற 723 மீட்டர் மலையின் சரிவில் ஃபெல் பெக் என்ற ஓடை ஒரு துளைக்குள் நேர்கீழாக விழுகிறது. ஆழம் 98 மீட்டர். அடியில் ஒரே கூடம், சுமார் 130 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், உயரம் 30 மீட்டருக்கு மேல்.

1842இல் ஜான் பிர்க்பெக் என்ற உள்ளூர் வங்கியாளர் ஓடையைத் திருப்பிவிட்டு, கயிற்றில் இறங்கிப் பார்த்தார். பாதியைச் சற்றுத் தாண்டி ஒரு விளிம்பு வரைதான் போக முடிந்தது. அந்த விளிம்புக்கு இன்றும் அவர் பெயர். பிறகு 1895 ஆகஸ்ட் 1ஆம் தேதி எடுவார் ஆல்ஃப்ரெட் மார்ட்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். கயிற்றேணிகளை ஒன்றோடொன்று கோத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு, மேலே இருப்பவர்களோடு பேச ஒரு தொலைபேசிக் கம்பியோடு, அருவியின் சாரலில் நனைந்தபடி தனியாக அடிவரை இறங்கி, தனியாக ஏறி வந்தார். யார்க்‌ஷயர்காரர்களுக்கு இது உறைக்காமல் இருக்குமா? யார்க்‌ஷயர் ராம்ப்ளர்ஸ் கிளப்பின் எட்வர்ட் கால்வெர்ட் அதே இறக்கத்துக்குத் திட்டம் போட்டிருந்தவர். அடுத்த ஆண்டே அவரும் இறங்கினார். தொழில்முறை ஆய்வாளர் என்று யாருமே இல்லாத ஒரு துறை அன்றிலிருந்து இப்படியே வளர்ந்திருக்கிறது. மார்ட்டெலே படித்தது சட்டம்.

இன்று ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதக் கடைசி விடுமுறையை ஒட்டி பிராட்ஃபோர்ட் பாட்ஹோல் கிளப்பும், ஆகஸ்ட் விடுமுறையை ஒட்டி கிரேவன் பாட்ஹோல் கிளப்பும் அந்தத் துளையின் வாயில், கயிற்றில் ஆளை இறக்கி ஏற்றும் வின்ச் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். ஓடையை மறித்து வேறு துளைக்குத் திருப்புவார்கள். ஒரு இரும்பு நாற்காலி, குறுக்கே ஒரு கம்பி, கீழே கால் தொங்கும். கொஞ்ச நேரத்திலேயே நீங்கள் அந்தக் கூடத்தில் இருப்பீர்கள். ஓடையைத் திருப்பினாலும் ஓரளவு நீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். மேலிருந்து வரும் வெளிச்சம் அந்தச் சாரலில் பட்டு, கூடத்தின் நடுவில் தூணாக நிற்கும். ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை இறக்குகிறார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் இதே நாற்காலியில் பயத்தோடு இறங்கிய சிறுமி ஒருத்தி இப்போது வின்ச் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குப் பட்டை மாட்டிவிடுகிறாள், எங்கள் தோழிதான். அந்த ஒரு வாரம் முழுக்க மலையில் கூடாரம் போட்டுத் தங்கி, சாரலில் நனைந்து, காலையிலிருந்து மாலைவரை முன்பின் தெரியாதவர்களைப் பத்திரமாக இறக்கி ஏற்றுகிறவர்கள் எல்லோரும் விடுப்பு போட்டுவிட்டு வந்தவர்கள்.

அந்தக் கூடத்தோடு கதை முடிவதில்லை. அதே மலையின் அடிவாரத்தில் இங்கிள்பரோ குகை இருக்கிறது, மேலே விழும் தண்ணீர் அதன் பக்கத்தில் வெளியேறுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதர் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவருவது 1983இல்தான், அதுவும் நீரில் மூழ்கி நீந்தித்தான், சாத்தியமாயிற்று. கால்வெர்ட் காலத்திலிருந்து எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் போயிருக்கும்!

எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. 1946 செப்டம்பரில் ஜார்ஜ் கார்ன்ஸ், பில் டெய்லர் என்ற இருவர் ஈஸ்கில் பள்ளத்தாக்கின் மேட்டில் இருந்தார்கள். காற்றே இல்லாத நேரம். ஓரிடத்தில் மட்டும் புல் அசைந்தது. போய்ப் பார்த்தால் தரையிலிருந்து காற்று வருகிறது. கற்களை விலக்கினால் 30 மீட்டருக்கு மேல் நேர்கீழே இறங்கும் ஒரு துளை. அதுதான் லங்காஸ்டர் ஹோல். அதற்கடியில் விரிந்த சுரங்கங்களைக் கிளப் கிளப்பாகத் தொடர்ந்து தேடினார்கள். 1960களிலேயே, இவையெல்லாம் சேர்ந்தால் மூன்று மாவட்டங்களின் அடியில் ஒரே குகையாக இருக்கும் என்று கணித்தார்கள். 2011இல் கடைசி இணைப்பைத் தோண்டித் திறந்தார்கள். இன்று அது 80 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பிரிட்டனின் மிக நீளமான குகை. கம்பிரியா, லங்காஷயர், யார்க்‌ஷயர் மூன்றின் அடியிலும் போகிறது.

'தோண்டி' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வெளியாட்களுக்கு இந்த வாழ்க்கையில் புரியாத பகுதி இதுதான். எங்கள் கிளப்பில் வாரநாள் ஒன்றின் மாலையில் சிலர் வேலை முடிந்து நேராக மேட்டுக்குப் போவார்கள். குகையின் ஒரு முனையில் மண்ணும் கல்லும் அடைத்திருக்கும். ஆனால் அந்த அடைப்பின் இடுக்கிலிருந்து முகத்தில் காற்று படும். காற்று வந்தால் அப்பால் வெற்றிடம் இருக்கிறது. ஒருவர் முனையில் படுத்துச் சுரண்டுவார், அடுத்தவர் வாளியை இழுப்பார், அதற்கடுத்தவர் வெளியே கொட்டுவார். கூரை சரியாமல் இருக்கச் சாரக் குழாய்களை முட்டுக்கொடுப்பார்கள். மழை வந்து மண் மறுபடி சரியும், மறுபடி எடுப்பார்கள். ஊர்கூடிக் கண்மாய் தூர்வாருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வாளி வரிசையில் நிற்பது அந்நியமாகவே இல்லை. இப்படி வருடக்கணக்கில், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கு மேலும் தோண்டுகிறார்கள். பாதிக்கு மேல் எங்கும் போய்ச் சேராது. என்றாவது ஒருநாள் சுரண்டுகிறவரின் கம்பி வெறும் காற்றில் நீளும். அப்போது அவர் என்ன செய்வார் தெரியுமா? தானே முதலில் ஓடிப் பார்த்துவிட மாட்டார். அன்றைக்கு வர முடியாமல் போனவர்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, எல்லோரும் சேரும் நாளுக்காகக் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த மனிதரும் அதுவரை கால் வைத்திராத தரையை இந்தக் காலத்தில், அதுவும் மக்கள் நெருக்கமுள்ள இங்கிலாந்தில், ஒரு பள்ளி ஆசிரியையும் ஒரு மெக்கானிக்கும் பார்க்க முடிகிறது. அதைக் கூட வாளி தூக்கியவர்களோடு பார்ப்பதில்தான் அவர்களுக்கு நிறைவு.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அளந்து வரைய வேண்டும். பழைய முறையில் அளவு நாடா, திசைகாட்டி, சாய்வுமானி, நனையாத நோட்டு. இப்போது லேசரால் தூரம், திசை, சாய்வு மூன்றையும் ஒரே அழுத்தலில் அளக்கும் டிஸ்டோஎக்ஸ் என்ற கருவி இருக்கிறது. பெயாட் ஹீப் என்ற சுவிஸ்காரர், கட்டட வேலைக்கான லேசர் அளவுகோலுக்குள் தானே வடிவமைத்த மின்சுற்றுப் பலகையைப் பொருத்தி உருவாக்கியது. அளவுகளை வரைபடமாக்கும் சர்வெக்ஸ் என்ற மென்பொருள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குகைக் கிளப்பைச் சேர்ந்தவர்கள் தங்கள் தேவைக்கு எழுதத் தொடங்கியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். என்னைப் போல் கணினித் துறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு கிளப்பின் தேவைக்கென்று தொடங்கிய ஒரு நிரலைப் பல பத்தாண்டுகளாகப் பராமரிக்கிறார்கள், யாரும் காசு கொடுக்காமலே.

இந்த வரைபடங்கள்தான் அம்மாவின் கேள்விக்கு என்னைக் கொண்டுபோகின்றன. ஒருவர் அடிபட்டால், எந்த இடுக்கில் ஸ்ட்ரெச்சர் நுழையும், எங்கே தண்ணீர் ஏறும் என்பது வரைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய ஆபத்து. மேலே மேட்டில் மழை கொட்டினால், உள்ளே ஓடை சில நிமிடங்களில் கூரையைத் தொட்டுவிடக்கூடிய குகைகள் உண்டு. 1967 ஜூன் 24ஆம் தேதி மாஸ்டேல் குகைக்குள் 10 பேர் போனார்கள். 4 பேர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். அதன் பிறகு பெய்த மழையில் வெள்ளம் புகுந்தது. உள்ளே இருந்த 6 இளைஞர்களும் இறந்தார்கள். செய்தி கேட்டு வடக்கு முழுவதிலுமிருந்து குகைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். ஓடையைத் திருப்பக் கால்வாய் வெட்டினார்கள், உள்ளே நுழைந்து தேடினார்கள். உடல்களை வெளியே கொண்டுவர முடியவில்லை, அவர்கள் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். இங்குள்ள எந்தக் கிளப்பிலும் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் யாரும் பையைத் தூக்குவதில்லை என்றால், அதற்குப் பின்னால் மாஸ்டேல் இருக்கிறது. ஓர் இளம் குழு மழைக்கணிப்பைப் பார்த்துவிட்டு, ஓடையில்லாத வேறு குகைக்குத் திட்டத்தை மாற்றும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

உள்ளே போகும்முன் மேலே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது எழுதப்படாத சட்டம். எந்தக் குகை, எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வெளியே வருவோம். அந்த நேரம் தாண்டினால் அவர் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்துக் காவல்துறையிடம் குகை மீட்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும். காவல்துறை உள்ளே இறங்காது. கிளாப்ஹம் என்ற சின்னக் கிராமத்தில் இருக்கும் கேவ் ரெஸ்க்யூ ஆர்கனைசேஷனை அழைக்கும். 1935இல் தொடங்கியது, உலகிலேயே முதல் குகை மீட்பு அமைப்பு. நன்கொடையில் ஓடுகிறது. உறுப்பினர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். விவசாயி, மருத்துவர், தச்சர், கடைக்காரர் யாராகவும் இருக்கலாம். நள்ளிரவில் போன் அடித்தால் எழுந்து வருவார்கள். மலையில் வழி தவறியவர்களைத் தேடுவதும், துளைக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியையும் நாயையும் தூக்குவதும்கூட அவர்கள் வேலைதான்.

2021 நவம்பரில் வேல்ஸில் நடந்ததைச் சொல்கிறேன், அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். ஓகோவ் ஃபினோன் தீ என்ற குகை, 274 மீட்டர் ஆழம், பிரிட்டனிலேயே மிக ஆழமானது. அனுபவம் உள்ள ஒருவர் காலுக்கடியில் பாறை பெயர்ந்து விழுந்தார். கால் முறிந்தது, தாடை முறிந்தது. நடக்க முடியாது. இடுக்குகள் வழியாக ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் கொண்டுவர வேண்டும். பிரிட்டன் முழுவதிலுமிருந்து சுமார் 250 பேர் வந்தார்கள். முறைபோட்டு உள்ளே இறங்கினார்கள், ஒரு குழு களைத்தால் அடுத்த குழு. 54 மணி நேரம் ஆயிற்று. அவர் உயிரோடு வெளியே வந்தார். அந்த 250 பேரில் பெரும்பாலானோருக்கு அவர் முகம் தெரியாது. நாளைக்கு நான் அந்த ஸ்ட்ரெச்சரில் இருந்தாலும் அதே 250 பேர் வருவார்கள். நான் தமிழச்சி என்றோ, கிளப்புக்குப் புதியவள் என்றோ யாரும் யோசிக்க மாட்டார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்கெல்லாம் சாப்பாடு யாரு போட்டா?" என்றாள். போட்டவர்களும் குகைக்காரர்கள்தான்.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் சிக்கியதை உலகமே பார்த்தது. ஜூன் 23இல் உள்ளே போனார்கள், வெள்ளம் வழியை அடைத்தது. அந்தக் குகையை அதற்கு முன்பே வருடக்கணக்கில் ஆராய்ந்து வரைந்து வைத்திருந்தவர் அங்கே வசித்த வெர்ன் அன்ஸ்வொர்த் என்ற பிரிட்டிஷ்காரர், பொழுதுபோக்குக் குகைக்காரர். யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதிகாரிகளுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தவரும் அவர். ஜூலை 2இல் சிறுவர்களைக் கண்டுபிடித்த இருவரில் ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஜான் வொலந்தன் கணினித் துறைக்காரர். சிறுவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்தால்தான் நீருக்கடியில் கொண்டுவர முடியும் என்ற நிலையில், அதைச் செய்ய ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் ரிச்சர்ட் ஹாரிஸ், மயக்கவியல் மருத்துவர். கூட வந்தவர் கிரெய்க் சாலன், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாளில் 13 பேரும் வெளியே வந்தார்கள்.

அங்கே தாய்லாந்துக் கடற்படை இருந்தது, இன்னும் பல நாடுகளின் படைவீரர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் ஜூலை 6இல் தன் உயிரையே கொடுத்தார். ஆனால் அந்தக் கலங்கல் நீரில், கை எட்டும் தூரம்கூடத் தெரியாத குறுகலில், கடைசிவரை நீந்தும் திறமை பொழுதுபோக்குக்காரர்களிடம்தான் இருந்தது. ராணுவத்தின் முக்குளிப்புப் பயிற்சி கடலுக்கானது. குளிர்ந்த சேற்றுநீர்க் குழாய்க்குள், தலைக்கு மேல் வெளியேற வழியில்லாமல் பல ஆண்டுகள் ஆசையாக நீந்தியிருந்தவர்கள் இவர்கள்தான். பிரிட்டனின் கேவ் டைவிங் குரூப் 1946இல் தொடங்கியது. அத்தனை ஆண்டுகளாக எந்தப் பயனும் கருதாமல் அவர்கள் சேர்த்து வைத்த அனுபவம் 13 பேருக்கு உயிராயிற்று. இப்படிப் பணமும் புகழும் இல்லாத ஒன்றில் சிலர் வாழ்நாள் முழுக்க மூழ்கிக் கிடப்பதை 'வெட்டி வேலை' என்று யாராவது சொன்னால், நான் தாம் லுவாங்கைத்தான் சொல்வேன்.

நம் நாட்டில் இதெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். மேகாலயாவில் இருக்கிறது. காசி, ஜயந்தியா, காரோ மலைகளின் அடியில் சுண்ணாம்பு. காசி மொழியில் குகைக்கு 'க்ரெம்' என்று பெயர். 1992இலிருந்து ஷில்லாங்கின் மேகாலயா அட்வென்ச்சரர்ஸ் அசோசியேஷன்காரர்களும் பிரிட்டன், ஐரோப்பியக் குகைக்காரர்களும் சேர்ந்து மழையில்லாத மாதங்களில் தேடி அளந்துவருகிறார்கள். ஷில்லாங் பக்கம் பிரையன் கார்ப்ரான் டேலி, பிரிட்டன் பக்கம் சைமன் புரூக்ஸ் என்று இருவரும் தொடங்கியது. க்ரெம் லியட் ப்ரா சுமார் 31 கிலோமீட்டர். க்ரெம் புரி 24 கிலோமீட்டருக்கு மேல், மணற்பாறைக் குகைகளில் உலகிலேயே நீளமானது. மாம்லு குகையின் ஒரு கல்தூணை அடிப்படையாக வைத்துத்தான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இன்றைய புவியியல் காலத்துக்கே 2018இல் 'மேகாலயக் காலம்' என்று பெயர் வைத்தார்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் கண்பார்வையில்லாத மீன் ஒன்றையும் அந்த மலைகளின் அடியில் இவர்கள் கண்டார்கள், 2019இல் அது உலகின் மிகப் பெரிய குகை மீன் என்று தெரியவந்தது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்பு வெட்டும் குவாரிகளும், நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரும் அதே மலைகளில் இருக்கின்றன. எந்தக் குகை எங்கே ஓடுகிறது என்று வரைபடம் இருந்தால்தான், எதை வெட்டக் கூடாது என்று ஒருவர் வாதாட முடியும். அந்த வரைபடங்களைப் போட்டவர்களும் தங்கள் விடுமுறையைச் செலவழித்தவர்கள்தான்.

பதிவு படிக்கிறவர்களில் சிலர் லீட்ஸ், மான்செஸ்டர், பிரிஸ்டல் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரியும், அடிக்கடி கேட்கிறீர்கள். தனியாகவோ, யூடியூப் பார்த்துவிட்டு நண்பர்களோடோ தயவுசெய்து போகாதீர்கள். பக்கத்துக் கிளப் ஒன்றுக்கு எழுதுங்கள். பெரும்பாலான கிளப்களில் புதியவர்களுக்கென்று நாள் ஒதுக்குகிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் கிளப் உண்டு, அக்டோபரில் சேர்ப்பார்கள். பெண்கள் தயங்க வேண்டாம். ஈரத் துணியை வாகனத்தின் பின்னால் நின்று மாற்றும் சங்கடம் ஒன்றுதான் ஆரம்பத்தில் எனக்கு இருந்தது. அதற்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் பெரிய துண்டு அங்கி விற்கிறது, வாங்கிவிடுங்கள். கிளப் குடில்களில் இரவு தங்கினால் சமையல் பொதுவில் நடக்கும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் குடிலில் ரசம் வைத்தால் பாத்திரம் கழுவும் வேலை எனக்கு வராது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

உள்ளே தொங்கும் கல் விழுதுகளைத் தொடாதீர்கள், கை பட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் அதன் வளர்ச்சி நின்றுவிடும். லங்காஸ்டர் ஹோலில் கொலனேட்ஸ் என்ற இடத்தில் தரைக்கும் கூரைக்குமாக நிற்கும் வெண்தூண்களை 1946க்குப் பிறகு எத்தனையோ பேர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். பாதையை நாடா கட்டிக் குறித்திருப்பார்கள், அதைத் தாண்டாமல் நின்றே பார்க்கலாம்.

ஹெல்மெட், விளக்கு, உடுப்பு எல்லாம் கிளப்பிலேயே இரவலாகக் கிடைக்கும். ரப்பர் பூட்ஸ் மட்டும் உங்கள் அளவுக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள், உள்ளே தடித்த காலுறை போட இடம் விட்டு. மாற்றுத் துணி, துண்டு, வண்டியில் ஒரு பிளாஸ்க் நிறைய டீ. போகும் முன் வீட்டில் ஒருவரிடம் குகையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்யுங்கள்.